அண்ணன் மாட்ட மறுத்த கம்ப்ரஸர்

அண்ணன் இல்லாமல் ஓராண்டை நாங்கள் கடந்துவிட்டோம். இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், கடையில் அவர் கூடவே இருந்த தங்கை என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

அண்ணன் பிறந்தது பனவடலிசத்திரத்தில். அப்பா காலமானதும் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, திருநெல்வேலியில் ஒர்க்‌ஷாப் வேலைக்குப் போனார். எழுபதுகளில் குவைத் சென்று கார் ஏசி வேலை கற்றார். ஊர் திரும்பிச் சங்கரன்கோவிலில் கடை வைத்தார். "இங்கன ஏசி கார் எத்தன ஓடுது?" என்று சிரித்தவர்கள் உண்டு.

என் கணவர் இறந்து நான் கைக்குழந்தையோடு வந்தபோது, அண்ணன் ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. "வீட்டுக்குள்ள கெடந்து அழாத ஏட்டி. கடைக்கு வா, போன் எடுக்க ஆளில்ல" என்றார். அன்று எழுந்தவள்தான் நான்.

ஒரு சித்திரை மாதம் கடையநல்லூர் ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் காரோடு வந்தார். இதய நோயாளியான தம் தாயாரை மறுநாள் மெட்ராஸுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வெக்கை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காரில் ஏசி ஓடவில்லை. குளிரூட்டும் கேஸை அழுத்தி அனுப்பும் கம்ப்ரஸர் பழுது. புதியதைப் பம்பாயிலிருந்து வரவழைத்துக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

அண்ணன் அதன் ஒரு வாயை அடைத்து, மறு வாய் வழியே கேஸ் ஏற்றி அதையும் அடைத்து, கசிவு இருக்கிறதா என்று பார்க்கத் தொட்டித் தண்ணீரில் முக்கினார். முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது.

"புதுச் சாமானப் போயி தண்ணிக்குள்ள முக்குதீரே! நேரம் போகுதுல்லா, மாட்டும் வே!"

தண்ணீரில் குமிழி எதுவும் இல்லை. நானும் சரிதான் என்றே நினைத்தேன். அண்ணன் தண்ணீருக்குள்ளேயே அதன் சுழல்தண்டைக் கையால் மெல்லச் சுற்றினார். தண்டின் அடியிலிருந்து ஒரு குமிழி வந்தது. மறுபடி சுற்ற, மறுபடி ஒன்று.

"சீல் கசியுது மொதலாளி. இத மாட்ட மாட்டேன்."

"ஒரு குமிழிக்கா? ஓடுத வரைக்கும் ஓடட்டும்!"

"திருச்சி தாண்டுததுக்குள்ள கேஸ் பூரா போயிரும். நட்ட நடு ரோட்டுல உம்மாவ வச்சுக்கிட்டு என்ன செய்வீய?"

முதலாளி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். குவைத்திலிருந்து கொண்டுவந்திருந்த சீல் ஒன்றை மாற்றி, மூன்று முறை முக்கிச் சோதித்த பிறகே அண்ணன் அதைக் காரில் பொருத்தினார். மதியச் சாப்பாட்டைக்கூடத் தொடவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தத் தாயாரே கடைக்கு வந்தார். "வழி பூரா தூங்கிட்டே போனேன் வாப்பா. அல்லா ஒன்ன நல்லா வைக்கட்டும்" என்றார். யாருக்கும் வளைந்து கொடுக்காத அண்ணன், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

சென்ற ஆண்டு மஞ்சள் காமாலை அண்ணனை நாற்பது நாளில் கொண்டுபோய்விட்டது. ரத்தம் கொடுத்த டாக்சி ஸ்டாண்டு நண்பர்களுக்கும், இரவு பகலாக உடனிருந்த மைத்துனருக்கும், அண்ணியைத் தாங்கி நின்ற அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் நன்றி.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். காரியம் முடிந்த மறுநாள், விவரம் தெரியாமல் குருவிகுளத்திலிருந்து ஒருவர் கார் கொண்டுவந்தார். அண்ணன் இல்லை என்று சொன்னதும், தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பூட்டிய கடை வாசலில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். பெயர் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இம்மலர் அவர் கையில் கிடைத்தால், வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போகவேண்டும்.