கையில் எழுதிய வண்டி நம்பர்

ராஜபாளையத்தில் நான் பாடம் எடுத்த சமுதாயக் கல்லூரியின் கேட்டில் காவலுக்கு ஒரு பெண்மணி இருந்தார். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டிருப்பார். நாள் முழுக்க நின்று கால் வீங்கியிருக்கும்.

சாயங்காலம் மாணவிகள் தேவதானம் பஸ்ஸுக்கு நிற்கும்போது பைக்கில் வட்டமடிக்கிறவர்களின் வண்டி நம்பரைத் தன் இடது புறங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வார்.

“நோட்டு இருக்கேக்கா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“நோட்டுல எழுதுனா ஆபீஸ்ல வாங்கி பீரோவுக்குள்ள வச்சிருவாவ டீச்சர். கையில எழுதுனா அந்தப் பயலுக்குத் தெரியும்லா. பாதிப் பேரு மறுநாள் வரமாட்டான்.”

ஒரு நாள் நான் கிளம்பும்போது அந்தக் கையை என் முன் நீட்டினார். என் தம்பியின் வண்டி நம்பர். மழை நாட்களில் அவன் அதில்தான் என்னைக் கொண்டுவந்து விடுவான்.

“உங்க தம்பி ஒரு பிள்ள பின்னாடியே போறாரு. அது அழுதுக்கிட்டு வருது. நீங்க சொல்லுதியளா, நான் ஆபீஸ்ல சொல்லட்டுமா?”

“நானே சொல்றேன்க்கா.”

வீட்டில் அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு நாள் அம்மா பக்கத்தில் இருந்தாள். மறுநாள் அவன் சீக்கிரம் தூங்கிவிட்டான். அதற்கடுத்த நாள் எனக்கே அலுப்பாக இருந்தது.

அந்த மூன்று நாளும் காலையில் எனக்குக் கேட்டைத் திறந்துவிட்ட கையில் அதே நம்பர் இருந்தது. குளித்து மங்கியதன் மேல் திரும்ப எழுதியிருந்தார்.

“வாங்க டீச்சர்” என்றார், எப்போதும் போல. அந்தக் குரலில் கொஞ்சம் கோபமாவது இருந்திருக்கலாம் என்று தோன்றியது.