சாப்பாட்டுப் பெட்டியில் வீடு போன சம்பளப் பட்டியல்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு வருடம். கல்முனையில் ஓர் அலுவலகத்தின் கணக்குக் கிளையில் நான் கணக்கு எழுதும் லிகிதராக இருந்தேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு கிழமை இருந்தது. அதற்கு முன்னால், நான்கு நாளில் சம்பள நாள். அந்த நான்கு நாளும் நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிக்கிற நிலையில் நான் இல்லை.

எங்கள் கந்தோரில் இருந்தது ஒரேயொரு கொம்பியூட்டர். முந்நூறு பேரின் சம்பளமும் அதற்குள்தான். அதற்கென்று ஏ.சி. பூட்டிய சின்ன அறை ஒன்று கட்டியிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டவனும் நான், காவல் காத்தவனும் நான். ஒருநாள் கணக்காளரையே வாசலில் நிறுத்திச் சப்பாத்தைக் கழற்ற வைத்தேன் என்றால் என் தலைக்கனத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொழும்பில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தவன் அல்லவா!

சம்பளப் பகுதியில் என்னோடு வேலை செய்தவர் காரைதீவைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண். எனக்கு இரண்டு மூன்று வயது இளையவர். நான் அவரை மிஸ் என்பேன், அவர் என்னை அண்ணன் முறையில் நானா என்பார். என் வீடு முஸ்லிம் ஊரான சாய்ந்தமருதில். அவருடைய ஊருக்கும் என்னுடைய ஊருக்கும் நடுவில் ஒரு வெட்டைவெளி மட்டும்தான். ஆனால் அந்தக் காலத்தில் அந்த வெட்டை சில நாட்களில் கடலைவிட அகலமாகிவிடும். ஒருநாள் அவர்கள் பக்கம் ஹர்த்தால், இன்னொருநாள் எங்கள் பக்கம் ஹர்த்தால். அங்கிருந்து ஆள் வராது, இங்கிருந்து ஆள் போகாது.

கொழும்பில் படிப்பித்தவர், சம்பள விவரங்களை மாதாமாதம் புளொப்பி டிஸ்க்கில் பிரதி எடுத்துக் கந்தோருக்கு வெளியே வைக்கச் சொல்லியிருந்தார். அதற்குப் பெயர் பெக்கப். அவர் சொன்னது ஒரு பிரதி. எங்கள் ஊர் நிலைமைக்கு அது போதாது என்று நாங்களாகவே இரண்டாக்கினோம். ஏழு டிஸ்க் கொண்ட ஒரு செட் என் வீட்டுக்கு, இன்னொரு செட் மிஸ்ஸின் வீட்டுக்கு. எந்தப் பக்கம் பாதை மூடினாலும் மற்றப் பக்கம் ஒன்று இருக்கும். இந்த ஏற்பாட்டில் எங்களுக்கு நல்ல பெருமை.

ஏற்பாடு நல்லதுதான். அதை நான் செய்த விதம்தான் கோணல்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச்சாவடி இருந்தது. பஸ்ஸால் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து போய் ஏற வேண்டும். முதல் மாதம் என் பைக்குள் டிஸ்க்குகளைக் கண்டவர்கள், இது என்ன, இதற்குள் என்ன இருக்கிறது என்று முக்கால் மணித்தியாலம் என்னை நிறுத்தி வைத்தார்கள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சம்பளத்தை விளக்க விளக்க அவர்களுடைய சந்தேகம் கூடிக்கொண்டே போனது. அடுத்த மாதத்திலிருந்து நான் கெட்டிக்காரனாகிவிட்டேன். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் பெட்டியைக் குழாயடியில் கழுவி, கைலேஞ்சியால் ஒரு துடை துடைத்து, ஏழு டிஸ்க்கையும் அதற்குள் அடுக்கி மூடிவிடுவேன். வெறும் சாப்பாட்டுப் பெட்டியை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

மிஸ்ஸுக்கும் இந்த வழியைச் சொல்லிக் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை. கணக்காளரிடம் போய், இவர் கொண்டுபோவது கந்தோர் பதிவுகள் என்று சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதி வாங்கி, முத்திரையும் குத்திக்கொண்டார். மாதாமாதம் அதைக் காட்டி, கேட்ட கேள்விக்கெல்லாம் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போவார். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொள்ளும் வேலை என்று அவரைக் கேலி செய்தேன்.

இன்னொரு கேலியும் இருந்தது. பெக்கப் எடுத்து முடித்த பிறகு மிஸ் எழும்பிப் போகமாட்டார். எடுத்த ஏழு டிஸ்க்கையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டு, எல்லாம் சரியாக வாசிக்கிறதா என்று பார்ப்பார். அதற்கு இன்னும் ஒரு மணித்தியாலம் போகும். நான் முதலாவது டிஸ்க்கை மட்டும் போட்டுப் பார்ப்பேன்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம் மிஸ். நீங்க ஏன் பானை முழுக்கக் கிண்டுறீங்க?" என்பேன்.

"இது சோறில்ல நானா" என்று மட்டும் சொல்வார். வேலையை நிறுத்தமாட்டார்.

இனி அந்தக் கிழமைக்கு வருகிறேன். காலையில் வந்து கொம்பியூட்டரைப் போட்டேன். உள்ளே கடக் கடக் என்று ஒரு சத்தம். திரையில் ஒன்றும் வரவில்லை. அணைத்துப் போட்டேன், பிஸ்மி சொல்லிப் போட்டேன், லேசாகத் தட்டியும் பார்த்தேன். சத்தம் மட்டும்தான் வந்தது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது.

கணக்காளரின் முகம் வெளிறிப்போனது. "பெக்கப் இரிக்கா?" என்று கேட்டார்.

"ஓம் சேர். ஒன்டில்ல, ரெண்டு செட் இரிக்கி" என்றேன். அதைச் சொன்னபோது எனக்குள் ஒரு சந்தோசம்கூட இருந்தது. இத்தனை மாத உழைப்பைக் காட்ட ஒரு சந்தர்ப்பம் வந்துவிட்டது பாருங்கள்.

மறுநாள் மத்தியானத்துக்கு முன்பே மட்டக்களப்பிலிருந்து ஒரு திருத்துநர் புது ஹார்ட் டிஸ்க்கோடு வந்தார். அதைப் பூட்டி, சம்பள புரோகிராமையும் போட்டார். நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஏழு டிஸ்க்கையும் அவர் கையில் கொடுத்தேன். முதலாவது நன்றாக ஓடியது. இரண்டாவதும் ஓடியது. மூன்றாவதைப் போட்டதும் கரகரவென்று அரைத்துவிட்டு, வாசிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. வெளியே எடுத்துத் திரும்பப் போட்டார். அதே கதை. டிஸ்க்கின் தகரத் தட்டை விரலால் தள்ளி உள்ளே பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

"என்ன சேர், மீன் மணக்குது?"

ஏ.சி. அறையில் எனக்கு வேர்த்துவிட்டது. பெட்டியின் மூடியிடுக்கில் தங்கியிருந்த மீன்கறி ஆணமும் குழாய்த் தண்ணீரும் சேர்ந்து மாதக்கணக்காகத் தம் வேலையைப் பார்த்திருக்கின்றன. ஐந்தாவதும் ஆறாவதும்கூடச் செத்திருந்தன. திருத்துநர் இருட்டுவதற்குள் ஊர் போக வேண்டும் என்று இரண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

கையால் எழுதிச் சம்பளம் போடலாம்தான். ஆனால் முந்நூறு பேரின் கடன், கழிவு, பெருநாள் முற்பணம் எல்லாவற்றையும் பழைய கோவைகளிலிருந்து தேடியெடுக்க இரண்டு கிழமையாவது வேண்டும். அதற்குள் பெருநாள் போய்விடும். சுத்திகரிப்பு வேலை செய்யும் ஒருவர் எப்படியோ கேள்விப்பட்டு, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கதவைப் பிடித்தபடி நின்றார்.

"சேர், சம்பளம் பெருநாளைக்கு முந்திக் கிடைக்குமா? புள்ளைகளுக்கு உடுப்பு எடுக்கல்ல இன்னும்" என்றார்.

அவருடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. என்னுடைய சாப்பாட்டுப் பெட்டியால் ஒரு மனுசனின் பிள்ளைகள் பழைய உடுப்போடு பெருநாள் எடுக்க வேண்டுமா?

மிஸ்ஸின் செட் ஒன்றுதான் மிச்சம். அவரோ தங்கச்சியின் கல்யாணத்துக்கென்று லீவில் இருந்தார். போதாக்குறைக்கு அன்று அவர்கள் பக்கம் ஹர்த்தால். நாளைக்கும் நீளும் என்று கதை. கணக்காளர் என்னைப் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. நான் சைக்கிளை எடுத்தேன்.

வெட்டையைத் தாண்டியதும் வீதியில் டயர் எரிந்துகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு கூட்டம் நின்றது. சைக்கிளைத் திருப்பலாமா என்று யோசிப்பதற்குள், சாரனை மடித்துக் கட்டிய ஒரு நடுத்தர வயதுக்காரர் என்னிடம் வந்தார்.

"எங்க போறீங்க தம்பி?"

மிஸ்ஸின் அடையாளத்தைச் சொன்னேன். கந்தோர் அலுவல், முந்நூறு பேரின் சம்பளம் என்று கொட்டினேன்.

"நீங்க இதுக்கு அங்கால வராதீங்க. இந்த மதகடியில நில்லுங்க. நான் போய்ச் சொல்றன்" என்று என் சைக்கிளையே வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் யார், எவர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கால் மணித்தியாலத்தில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த அவரோடு மிஸ் நடந்து வந்தார். பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த கை, புறங்கையெல்லாம் மா. கையில் ஒரு பிஸ்கட் தகரம். அதற்குள் வெள்ளைத் துணியில் சுற்றி ஏழு டிஸ்க்.

"உங்கட செட்டுக்கு என்ன நடந்த நானா?"

"பழுதாப் போயிட்டு" என்றேன்.

"சோத்துப் பெட்டியா?"

தலையை ஆட்டினேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, கெதியாப் போங்க. எனக்கும் சம்பளம் வேணும், கல்யாண வீடு" என்றார். தன்னுடைய கடிதத்தையும் மறக்காமல் தந்தார். சோதனைச்சாவடியில் அதைக் காட்டினேன். வாசித்துவிட்டு ஒரு நிமிடத்தில் விட்டுவிட்டார்கள்!

கந்தோருக்கு வந்து கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன். கணக்காளர் கதிரையை இழுத்துப் போட்டுப் பின்னால் இருந்தார். மிஸ்ஸின் முதலாவது டிஸ்க்கைப் போட்டு, கட்டளையை அடித்தேன். டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிக்கப்படும் என்று வழக்கமான எச்சரிக்கை வந்தது. மாதாமாதம் அதை வாசிக்காமலே தட்டிப் பழகியவன் நான். தட்டினேன்.

ஓடவில்லை. டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது, எழுத முடியாது என்று திரையில் வந்தது.

எழுதுவதா? நான் ஏன் எழுத வேண்டும்? வாசிக்கத்தானே வந்தேன்? மேலே நான் அடித்த வரியைப் பார்த்தேன். ரெஸ்டோர் என்று அடிக்க வேண்டிய இடத்தில் பெக்கப் என்று அடித்திருந்தேன். டிஸ்க்கில் இருப்பதைக் கொம்பியூட்டருக்கு எடுப்பதற்குப் பதிலாக, கொம்பியூட்டரில் இருந்த அரைகுறையை எடுத்து அந்த டிஸ்க்கின் மேல் எழுதப் பார்த்திருக்கிறேன். இத்தனை மாதமும் என் கைக்குப் பழகியது அந்த ஒரு கட்டளைதான். திருப்பி எடுப்பது எப்படி என்று ஒருநாள்கூட நான் செய்து பார்த்ததில்லை.

என்னைக் காப்பாற்றியது டிஸ்க்கின் மூலையில் இருக்கிற நகமளவு கறுப்புத் தட்டு. அதை ஒருபக்கம் தள்ளிவிட்டால் அந்த டிஸ்க்கை வாசிக்கலாம், அழிக்க முடியாது. மிஸ் ஏழு டிஸ்க்கிலும் அதைத் தள்ளி வைத்திருந்தார். என் டிஸ்க்குகளில் நான் அதைத் தொட்டதேயில்லை.

"என்ன சொல்லுது?" என்று கணக்காளர் கேட்டார்.

"ஒன்டுமில்ல சேர், கை தவறிட்டு" என்றேன். ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து மறுபடி அடித்தேன். ஏழு டிஸ்க்கும் ஒரு குறையும் இல்லாமல் ஓடின. கடைசிப் பெயர் திரையில் வந்தபோது பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. அல்ஹம்துலில்லாஹ் என்று நானும் கணக்காளரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

சொன்ன நாளில் சம்பளம் போனது. பெருநாள் தொழுகைக்குப் பிறகு அந்தச் சுத்திகரிப்புத் தொழிலாளி தன் மூன்று பிள்ளைகளோடு எதிர்ப்பட்டு ஸலாம் சொன்னார். மூன்று பேரும் புது உடுப்பில் இருந்தார்கள். அன்றைக்கு எனக்கு அதைவிடப் பெரிய பெருநாள் இல்லை.

லீவு முடிந்து மிஸ் வந்தபோது நான் வட்டிலப்பம் கொண்டுபோனேன். அவர் கல்யாணப் பலகாரம் கொண்டுவந்தார். யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். என்ன அடித்தேன், எது தடுத்தது, எல்லாவற்றையும்.

"நான் இப்பிடிச் செய்வன் எண்டு தெரிஞ்சா மிஸ் பூட்டினீங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "சீச்சீ, உங்களுக்காக இல்ல நானா. ஒருக்கா நானே மாறி அடிச்சிட்டன், நல்ல காலம் அது வெறும் டிஸ்க். அதுக்குப் பிறகு என்ட கையில எனக்கு நம்பிக்கையில்ல. அதான் பூட்டி வைக்கிற."

இவ்வளவு நாளும் அவரைப் பயந்தாங்கொள்ளி என்றே நினைத்திருந்தேன். அவருக்கு உலகத்தின் மேல் பயமில்லை, தன் கை தவறும் என்று மட்டும் தெரிந்திருந்தது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு முந்நூறு பேரின் பெருநாள் ஊசலாட வேண்டியிருந்தது. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் இன்றும், எதையாவது கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடலாம் என்று என் கை துணியும்போது, அதை ஒரு நிமிடம் பிடித்து நிறுத்திப் பார்க்கிறேன். அந்த ஒரு நிமிடத்தில் எனக்குக் கிடைக்கிற நிம்மதி, என் கெட்டிக்காரத்தனம் எனக்கு ஒருநாளும் தராதது.