முதுகு வேற, குறுக்கு வேற

சேஃப்டி ஆபீசர் வேலை என்பது ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காகச் சம்பளம் வாங்குகிற வேலை. ஒன்றும் நடக்காவிட்டால் "இந்த ஆளு என்னத்தைக் கிழிக்கிறாரு" என்பார்கள். ஏதாவது நடந்துவிட்டால் "இந்த ஆளு என்னத்தைக் கிழிச்சாரு" என்பார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இலக்கணத்தில் மட்டும்தான்.

திருமங்கலம் தாண்டி ஒரு மாட்டுத் தீவன மில்லில் நான் இந்த உத்தியோகம் பார்க்கிறேன். வீடு மதுரை டவுனுக்குள். அத்தா ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று எனக்கு உண்டு, ஆனால் மில்லில் அதைச் சொல்லிக் கேட்டால் வாட்ச்மேனே உள்ளே விடமாட்டார். அங்கே நான் சேஃப்டி பாய். நான் வருவது தெரிந்ததும் ஆளாளுக்கு ஹெல்மெட்டைத் தேடுவார்கள். நான் அந்தப் பக்கம் போனதும் அதே ஹெல்மெட்டில் வெங்காய வடையை வைத்துத் தின்பார்கள்.

இதைப் படிக்கிற உங்களில் நாள் முழுக்க நாற்காலியில் மடங்கிக் கிடப்பவர்கள் இருப்பீர்கள். தண்ணீர்க் குடம் தூக்குகிறவர்கள், மேடு பள்ளத்தில் வண்டியில் குலுங்கிக் குலுங்கி ஆபீஸ் போகிறவர்கள் எல்லாம் இருப்பீர்கள். உங்களுக்கும் பின்பக்கம், குனிந்தால் மடங்குகிற அந்த இடத்தில் ஒரு பிடிப்பு கட்டாயம் இருக்கும். நாமெல்லாம் ஒரே கூட்டம். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு மேலே படியுங்கள்.

ஏர்கான் வருது

எங்கள் மில்லில் தீவனம் சாக்கில் விழும், தையல் மெஷின் சாக்கின் வாயைத் தைக்கும், தைத்த மூட்டை பெல்ட்டில் நகர்ந்து வந்து முழங்கால் உயரத்தில் நிற்கும். லோடுமேன் குனிந்து அந்த ஐம்பது கிலோவைத் தோளுக்கு ஏற்றி, லாரியில் கொண்டுபோய் அடுக்க வேண்டும். விடிந்ததில் இருந்து இதேதான்.

ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் மேடம் அடுத்த வாரம் வருகிறார், எர்கனாமிக்ஸ் பற்றிப் பேசப் போகிறாராம், ஆட்களிடம் சொல்லிவிடுங்கள் என்றார். நானும் குடோனில் நின்று, நம்ம மில்லுக்கு எர்கனாமிக்ஸ் வரப்போகிறது என்று பெல்ட் சத்தத்துக்கு மேலே கத்தினேன். ஒரே கைதட்டல். சங்கத் தலைவர் மாயாண்டி அண்ணன் எதைச் சொன்னாலும் "கலந்து பேசி முடிவு சொல்றோம்" என்கிற ஆள். அவரே அந்த இடத்திலேயே சங்கத்தின் முழு ஆதரவு என்று அறிவித்துவிட்டார். நான் தரையில் கால் படாமல் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் வந்து பார்த்தால் குடோன் ஜன்னல்களை எல்லாம் காலிச் சாக்கு வைத்து அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். புழுக்கத்தில் எல்லாருக்கும் வேர்த்து ஊற்றுகிறது. என்னப்பா இது என்றால், குளிர் வெளியே போய்விடக் கூடாதாம். அவர்கள் காதில் விழுந்தது ஏர்கான். நான் தலையில் கை வைத்துக்கொண்டு, வேலைக்குத் தக்க உடம்பை வளைக்காமல் உடம்புக்குத் தக்க வேலையை மாற்றுவதுதான் எர்கனாமிக்ஸ் என்று முதலில் இருந்து விளக்கினேன். எல்லாரும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்கள். கடைசியில் மாயாண்டி அண்ணன் சங்கத்தின் சார்பாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப குளிராதா, பாய்?"

கை தூக்கிய கதை

இன்ஸ்பெக்டர் மேடம் சென்னைக்காரர். சின்ன வயசு. நோட்டீஸ் எழுத வரவில்லை, முதலில் உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தேன் என்று சொல்லிவிட்டு, "யாருக்கெல்லாம் முதுகு வலி இருக்கு?" என்று கேட்டார். ஒரு கை எழும்பவில்லை. முதலாளிக்கு வாயெல்லாம் பல். நம்ம ஆட்கள் இரும்பு என்று மேடத்திடம் பெருமையாகச் சொன்னார். மேடம் விடவில்லை. சரி, இடுப்பு வலி யாருக்கு இருக்கிறது என்றார். அவ்வளவுதான், குடோனே சிரித்துப் புரண்டது. இன்னும் மாசம் ஆகவில்லை மேடம் என்று எவனோ ஒருத்தன் பின்னால் இருந்து சொன்னான்.

மேடம் முகம் சுருங்கிவிட்டது. பாவம், அவருக்கு எங்கள் ஊர்ப் பேச்சு தெரியாது. எங்கள் பக்கம் இடுப்பு வலி என்றால் பிரசவ வார்டுக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். முதுகு என்பது மேலே, கை எட்டாமல் சொறிந்துகொள்ளத் தவிக்கிற இடம். அதற்குக் கீழே, குனிந்தால் மடங்குகிற இடத்துக்குப் பெயர் குறுக்கு. முதுகு வலிக்கிறதா என்றால் இல்லை என்பதுதான் அவர்களைப் பொறுத்தவரை சத்தியம். நான் மெல்லப் போய் மேடத்திடம் விஷயத்தைச் சொன்னேன்.

"சரி, குறுக்கு வலி யாருக்கெல்லாம் இருக்கு?" என்றார் மேடம். லோடுமேன்கள், தையல் மெஷினில் இருக்கிற பெண்கள், லாரி டிரைவர், வாட்ச்மேன் என்று மொத்தக் கூட்டமும் கை தூக்கியது. திரும்பிப் பார்த்தால் முதலாளியின் கையும் தோள் உயரத்துக்கு வந்து நிற்கிறது. காரிலும் கல்லாவிலும் உட்கார்ந்து உட்கார்ந்து வந்ததாம். ஜீப்பில் சுற்றுகிற மேடமும் சிரித்துக்கொண்டே தன் கையைத் தூக்கினார். முதலாளி மாயாண்டி அண்ணனைப் பார்த்துவிட்டு மேடத்திடம் சொன்னது இது:

"நானும் சங்கமும் ஒரே விசயத்துக்குக் கை தூக்குனது இன்னைக்குத்தான் மேடம்."

தூக்காத கை

மொத்தக் கூட்டம் என்றேன், ஆனால் அன்றைக்குக் கை தூக்காதவன் ஒருத்தன் இருந்தான். ஒச்சப்பன். எழுமலைக்காரன். மில்லிலேயே கெட்டிக்கார லோடுமேன், எந்நேரமும் சிரித்த முகம். டீ நேரத்தில் மற்றவர்கள் குத்தவைத்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசும்போது இவன் மட்டும் சுவரில் சாய்ந்து நின்றே குடிப்பான். ஏதோ ஸ்டைல் என்று நினைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் அவன் செல்போன் தரையில் விழுந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்விரலால் எடுக்கப் பார்த்தான். எனக்குச் சுருக்கென்றது. போனை எடுத்துக் கொடுத்து என் அறைக்குக் கூட்டிப் போனேன். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கதவைச் சாத்தியதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். தீபாவளியில் இருந்தே குறுக்கு போய்விட்டது, முழங்கால் உயர மூட்டையைப் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிவிடுகிறான், அதற்குக் கீழே குனிய முடியாது. தரையில் உட்கார்ந்தால் பொண்டாட்டி இரண்டு கையையும் பிடித்து இழுத்துத் தூக்க வேண்டும்.

அவன் தங்கச்சிக்கு இரட்டைப் பெண் குழந்தைகள். வருகிற ஆவணியில் மொட்டை போட்டுக் காதுகுத்து. இவன் ஒருத்தன்தான் தாய்மாமன். மாமன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவன் மடியில் பிள்ளைகளை உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். நாற்காலி எல்லாம் கிடையாது. இவனால் முடியாது என்றால் ஒன்றுவிட்ட மாமன் எவனையாவது உட்கார வைக்க வேண்டும். அதைத் தங்கச்சி தாங்க மாட்டாள் என்று சொல்லும்போதே அவன் கண் கலங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்றேன். போனால் விஷயம் மில்லுக்குத் தெரிந்துவிடும், கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள் என்று பயம். சுவரில் சாய்ந்து நின்றபடியே என்னிடம் கேட்டான்.

"வலிக்குதுன்னு சொன்னா வேலை போயிரும் பாய். சொல்லாம இருந்தா மாமன் மடி போயிரும். நான் எதைப் பாக்க?"

அளவெடுப்பு

ராத்திரி முழுக்க எனக்கும் அதே யோசனைதான். மறுநாள் அவனைச் சம்மதிக்க வைத்து, மாயாண்டி அண்ணனிடம் சொன்னேன். மேடம் மறுபடி வந்த அன்று மேடம், மாயாண்டி அண்ணன், நான் மூன்று பேரும் முதலாளி அறையில் உட்கார்ந்தோம். பெல்ட்டை உயர்த்தலாம், தள்ளுவண்டி வாங்கலாம் என்றார் முதலாளி. மெஷின் வந்தால் ஆளைக் குறைப்பீர்கள் என்று மாயாண்டி அண்ணன் முறுக்கிக்கொண்டார். இரண்டு பேரையும் பேசவிட்டுவிட்டு மேடம் சொன்னது இரண்டே விஷயம். வலிக்கிறது என்று சொன்னதற்காக யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. எது எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தூக்குகிறவன்தான் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் ஒச்சப்பன் விஷயத்தை முதலாளியிடம் சொன்னோம். அவர் ஒச்சப்பனை உள்ளே கூப்பிட்டு, இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போ, டாக்டர் சரி என்கிற வரைக்கும் தையல் மெஷினில் நில், சம்பளத்தில் கை வைக்க மாட்டேன் என்றார். மாயாண்டி அண்ணன் உடனே இறங்கி வந்தார். மூட்டையைப் பாதியாக்கினால் லோடுமேன்களும் தையல் ஆட்களும் நேரத்துக்கு நேரம் இடம் மாறி வேலை பார்ப்போம் என்று அவராகவே ஒப்புக்கொண்டார். வெளியே வந்த ஒச்சப்பனை அன்றைக்கே எல்லாரும் டெய்லர் மாமா ஆக்கிவிட்டார்கள்.

பெல்ட்டை எவ்வளவு உயர்த்துவது என்பதில்தான் அடுத்த கலாட்டா. முதலாளி நெட்டை, மாயாண்டி அண்ணன் குட்டை. அவரவர் இடுப்பைக் காட்டி இதுதான் சரியான உயரம் என்றார்கள். தூக்குகிறவர்களின் இடுப்புதான் கணக்கு என்று மேடம் மறுபடி நினைவுபடுத்தினார். லோடுமேன்கள் வரிசையாகச் சுவரோரம் நின்றார்கள். பெல்ட்டை உயர்த்திக் கொடுக்க வந்த வெல்டர் டேப்பும் சாக்பீஸுமாக ஒவ்வொருத்தருக்கும் இடுப்புக்கு நேராகச் சுவரில் கோடு போட்டார். கூச்சத்தில் நெளிந்தவன் பாதி, சிரித்தவன் பாதி. வேலை முடிவதற்குள் வெல்டர் நொந்துபோனார்.

"கேட்டு அடிச்சிருக்கேன், கிரில் அடிச்சிருக்கேன். இடுப்புக்கு அளவெடுத்து வெல்டிங் வைக்கிறது இதான் மொதத் தடவை. ஜாக்கெட்டும் வேணுமான்னு கேட்டுச் சொல்லுங்க பாய்."

பாதி மூட்டை

இருபத்தைந்து கிலோ மூட்டை வந்ததும் மில் வாசலில் இருக்கிற எங்கள் தீவனக் கடையில் முதல் சண்டை பேரையூரில் இருந்து வந்த ஒரு பால்காரரோடு. மில்லு நொடிச்சுப் போச்சா, மூட்டை ஏன் இம்புட்டுக்காண்டு இருக்கு என்று குதித்தார். ஆட்களின் குறுக்குக்காக என்று சொன்னேன். என் எருமைக்கு அவிங்க குறுக்கு என்ன செய்யும் என்று கேட்டுவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே இரண்டு சின்ன மூட்டையை டி.வி.எஸ். வண்டியில் கட்டிக்கொண்டு போனார். இனி இந்த ஆளு வரமாட்டார் என்று நினைத்தேன்.

அடுத்த தடவை அவரே வந்து, சின்ன மூட்டைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். என்னண்ணே மாறிட்டீங்க என்றேன். கொஞ்சம் சோகமாகத்தான் சொன்னார்.

"பெரிய மூட்டைன்னா இறக்க ஆளு வேணுமேன்னு, நான் இறக்கி முடிக்கிற வரைக்கும் எம் பொண்டாட்டி திட்டாம இருப்பா. இப்ப அவளே இறக்கிப் போட்டுட்டு இறக்குன கையோட திட்டுறா. ஆனாலும் சின்னதே குடுங்க பாய், எனக்கும் குறுக்குன்னு ஒண்ணு இருக்குல்ல."

மாமன் மடி

இ.எஸ்.ஐ.யில் சொல்லிக்கொடுத்த பயிற்சியை ஒச்சப்பன் தினமும் காலையில் குடோனில் செய்வான். முதலில் கேலி பண்ணியவர்கள் பிறகு பக்கத்தில் சாக்கு விரித்துச் சேர்ந்துகொண்டார்கள். ஒருநாள் முதலாளியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து படுத்தார். அவரை எழுப்புவதற்குத்தான் ஆள் தேவைப்பட்டது. ஆவணி பிறப்பதற்குள் டாக்டர் ஒச்சப்பனுக்கு உட்காரலாம் என்று சொல்லிவிட்டார். உட்கார்ந்தால் எழுந்திருப்பானா என்பது என் கவலை.

காதுகுத்துக்கு மில் வேனில் போனோம். முதலாளி, மாயாண்டி அண்ணன், லோடுமேன்கள், நான். இன்ஸ்பெக்டர் மேடமும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கிடா வெட்டு விருந்தில் பாய் சாப்பிடாமல் போய்விடக் கூடாதென்று, பள்ளிவாசல் ஆளை வைத்து அறுத்த கோழி ஒரு சட்டி தனியாகக் கொதித்துக்கொண்டிருந்தது. மேளத்தோடு மாமன் சீர் வந்து இறங்கியது. எதற்கும் இருக்கட்டும் என்று நான் ஒரு பிளாஸ்டிக் சேரைத் தூக்கிக்கொண்டு ஒச்சப்பனுக்குப் பின்னாலேயே நின்றேன்.

அவன் ஒரு முழங்காலை ஊன்றி, நிதானமாக ஜமுக்காளத்தில் உட்கார்ந்தான். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு தொடையில். ஆசாரி காது குத்தினார். இரண்டும் இரண்டு சுருதியில் வீறிட்டன. தங்கச்சி அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம் எழுந்திருக்க வேண்டிய நேரம். மாயாண்டி அண்ணன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினார். முதலாளி "மெல்ல, மெல்ல" என்றார். மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். ஒச்சப்பன் யார் கையையும் பிடிக்கவில்லை. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று பிள்ளைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு காலை ஊன்றி நேராக எழுந்து நின்றான். ரெண்டும் சேர்ந்தா நம்ம புது மூட்டை வெயிட்டு இருக்கும்டா என்று லோடுமேன் ஒருத்தன் கத்த, பொம்பளைகள் குலவை போட்டார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது, மறைக்கவும் இல்லை. ஒச்சப்பன் திரும்பி என்னையும் என் கையில் இருந்த சேரையும் பார்த்தான்.

"அதுல நீங்க உக்காருங்க பாய். இம்புட்டு நேரம் நின்னா குறுக்கு வலிக்கும்."

ஒன்றும் நடக்காமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம், அன்றைக்கும் ஒன்றும் நடக்கவில்லை, ஒச்சப்பன் எழுந்து நின்றதைத் தவிர.