தோல் என்று சொன்ன வளையம்

எழுபதுகளின் தொடக்கத்தில் தி. நகரில் ஒரு கேஸ் ஏஜென்சியில் மெக்கானிக்காக இருந்தேன். கைவேலை சுத்தம், வாய்தான் சுத்தமில்லை. மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் புது இணைப்பு கொடுக்கப் போன வியாழக்கிழமை, அந்த வாய் சும்மா இருக்கவில்லை.

வீட்டு மாமி என்னைச் சமையலறைக்குள் விடவில்லை. மடியாம். சிலிண்டரைக் கழுவி அவரே உருட்டிக்கொண்டு போனார். நான் வாசற்படிக்கு இப்பால் நின்று சொல்லச் சொல்ல ரெகுலேட்டரையும் அவரே மாட்டினார். ஒரு மணி நேரம் கால் கடுக்க நின்றதில் எனக்கு எரிச்சலான எரிச்சல். அடுப்பு எரிந்தது. கிளம்பும்போது கேட்டார்:

"அந்த வால்வுக்குள்ள கறுப்பா ஒரு வளையம் இருக்கே, அது என்ன, தோலா?"

"ஆமா மாமி, மாட்டுத் தோலு" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தபடி சைக்கிளை எடுத்தேன்.

இணைப்பு அட்டையில் மாமியின் கையெழுத்து வாங்க மறந்துவிட்டேன். மறுநாள் சாயங்காலம் அதற்காக மறுபடி போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நாற்றம் அடித்தது. அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம், கேஸ் கசிவு. கூடத்தில் தூளியில் மாமியின் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தது. தூளி தரையிலிருந்து ஒரு சாண்தான். இந்த வாயு புகையைப்போல மேலே போகாது, தண்ணீரைப்போல தரையில் தேங்கும்.

கொல்லைக் கதவருகே மாமி. கையில் தூபக்கால். அதில் கனிந்த கரி.

"கேஸ்காரனா? எங்கேயோ எலி செத்துக் கெடக்கு, மத்யானத்துலேர்ந்து ஒரே நாத்தம். வெள்ளிக்கிழமையும் அதுவுமா. சாம்பிராணி போட்டுட்டு வந்துடறேன், இரு."

கேஸ் என்று சொன்னால், கையில் நெருப்போடு குழந்தையைத் தூக்கத்தான் ஓடிவருவார்.

"மாமி, நான் சாவு வூட்லேர்ந்து வரேன். இன்னும் குளிக்கல. தீட்டு. உள்ள வராதீங்க, கிணத்தாண்ட போய்டுங்க."

"கட்டேல போறவனே, அதோடயா ஆத்துக்குள்ள வந்து நிக்கறே" என்று வைதபடி பின்வாங்கினார். கிணற்றடிக்கே போய்விட்டார்.

குழந்தையை அள்ளி வாசல்படியில் கிடத்தினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் போய் வால்வை மூடினேன். விளக்கு சுவிட்சைத் தொடாமல் ஜன்னல்களைத் திறந்தேன். நெருப்பில் தண்ணீரை ஊற்றச் சொல்லிக் கத்தினேன். ரெகுலேட்டரைக் கழற்றிப் பார்த்தால், வளையம் இருந்த இடம் காலி.

நாற்றம் போகும்வரை மாமியைக் கொல்லையிலேயே நிறுத்தி நடந்ததைச் சொன்னேன். பிறகு வந்து, தீட்டையும் மறந்து குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

"நீதானே தோல்னு சொன்னே. தோலை எப்படி அடுப்பங்கரைல வெச்சுக்கறது? இன்னிக்கு சமையல் ஆனதும் ரெகுலேட்டரைக் கழட்டி, கொண்டை ஊசியால நோண்டி எறிஞ்சுட்டு மறுபடி மாட்டிட்டேன்."

"அது ரப்பரு மாமி."

மாமி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"அப்போ சாவு வீடு?"

"அதுவும் பொய்தான்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எழுந்து சமையலறை வாசலை விட்டு ஒதுங்கி நின்றார்.

"உள்ள போ. இந்தத் தடவை நீயே மாட்டு" என்றார்.

பையிலிருந்து புது வளையத்தை எடுத்தேன். வாசற்படியைத் தாண்டி உள்ளே போய் அதை மாட்டினேன். பயம் அதற்குள் போயிருந்தது, வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.