இரும்பு ஏணியிலிருந்து நெருள் வரை

ஞாயிறு காலை 8.10. நான் குடியிருக்கும் நெருளில் குர்லா போகும் ரயிலில் ஏறினேன். குர்லாவில் மாறி, சயான் வரை பதினைந்து ரூபாய். பதினோரு மணிக்கு மேல் தண்டவாள வேலைக்காக ரயில்களைக் குறைத்துவிடுவார்கள். பையில் ஒரு பட்டியல் இருந்தது. மென்பொருள் சோதிப்பது என் வேலை. பட்டியல் இல்லாமல் நான் எங்கும் போவதில்லை. தாராவியில் அண்ணன் வீட்டில் இருக்கும் வாப்பாவை என்னோடு தங்க அழைத்து வருவதற்கான பட்டியல் இது: மின்தூக்கி உண்டு, கழிப்பறை வீட்டுக்குள்ளேயே, பள்ளிவாசல் ஆறு நிமிட நடை. மொத்தம் பதினோரு வரிகள்.

ஏழாவது வரி மார்க்கம். நாங்கள் பின்பற்றும் ஹனபி மார்க்கச் சட்டப்படி, இயலாத பெற்றோரைப் பராமரிப்பது வசதியுள்ள மகனுக்கும் மகளுக்கும் சமமான கடமை. சொத்தில் மகளுக்கு மகனின் பங்கில் பாதி. கடமையில் அந்தச் சலுகை கிடையாது. நாட்டுச் சட்டமும் மகளை விலக்கவில்லை. எங்கள் குடும்ப வழக்கம்தான் வேறு. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் தகப்பன் இரண்டு இரவுக்கு மேல் தங்குவதில்லை.

9.20. சயானிலிருந்து தொண்ணூறு அடி சாலை வழியாக இருபது நிமிடம் நடந்தேன். கீழே நான் காக்கா என்றழைக்கும் அண்ணனின் பை தைக்கும் பட்டறை, மேலே வீடு, நடுவில் செங்குத்தான இரும்பு ஏணி. மூட்டு வலியால் வாப்பா நான்கு மாதமாகக் கீழே இறங்கவில்லை. ஜும்மா தொழுகைக்கும் போகவில்லை.

பட்டியலை வாசித்து முடித்தேன்.

“மாப்பிள வீட்டுல போயி ஒக்காந்து திம்பனா? நல்லாருக்குளா” என்றார் வாப்பா.

“அவருதான் முதல்ல கூட்டிட்டு வரச் சொன்னாரு. மறுமையில என்கிட்டயும் கேள்வி உண்டு வாப்பா.”

காக்கா குறுக்கிட்டார். “நீ கூட்டிட்டுப் போயிருவே. மவன் வெரட்டிட்டான்னு தெருவே பேசும். பாகத்துல பாதி, கடமையில மட்டும் சரிசமமோ?”

“சட்டம் அப்படி இருக்கு. வேணும்னா பாகத்தையும் சமமாக்குங்க.”

காக்காவின் மனைவி மைனி சிரித்துவிட்டார். வாப்பா சிரிக்கவில்லை.

“இந்த வீட்டுல நான் கதவத் தட்டுனதில்ல. அங்க வெளிய போயிட்டு வரும்போதெல்லாம் பெல்லடிச்சிட்டு நிக்கணும், விருந்தாளி மாதிரி.”

என் பதினோரு வரிகளில் சாவி இல்லை. வளையத்திலிருந்து என் சாவியைக் கழற்றி அவர் கையில் வைத்தேன்.

“அப்ப ஒனக்கு?”

“நீங்க தொறங்க.”

வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மைனியிடம் தன் தொப்பியைக் கேட்டார்.

11.05. ஏணியைப் பார்த்தபடி பின்பக்கமாகத்தான் இறங்க முடியும். கீழே நின்று காக்கா அவர் பாதங்களை ஒவ்வொரு படியாக எடுத்து வைத்தார். மேல்படியில் நான் அவர் கைகளைப் பிடித்தபடி கூடவே இறங்கினேன். பதினான்கு படிகள், ஒன்பது நிமிடம். கடைசிப் படியில் காக்கா சொன்னார்.

“நோம்புக்கு இங்க வந்துரணும்.”

“வருவேன்டா. இதே மாதிரி ஏத்திவிடு.”

நெருளுக்கு டாக்சி அறுநூற்று நாற்பது ரூபாய். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, ஆஸ்பத்திரிக்கா என்று இந்தியில் கேட்டார். வீட்டுக்கு என்றார் வாப்பா, சாவி இருந்த சட்டைப்பையின்மேல் கையை வைத்தபடி. செம்பூர், மான்கூர்த் தாண்டி வாஷி பாலத்தில் கடல் காற்று அடித்தது. சன்னலை மூட விடவில்லை.

12.20. ஏழாவது மாடி. கணவர் வேலையாகப் புனே போயிருந்தார், வீடு பூட்டியிருந்தது. வாப்பாவின் கையில் சாவி மூன்றாவது முயற்சியில் திரும்பியது. வாப்பா வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார். இரண்டு எட்டு நடந்து திரும்பிப் பார்த்தார். நான் கைகள் நிறையப் பைகளோடு வாசலிலேயே நின்றிருந்தேன்.

“ஏன் வெளிய நிக்கே?” என்றார். “உள்ள வா.”