எழுபத்தேழரை கிலோ மணல்

என் அக்காவின் கணவருக்கு வேலையிடத்தில் வைத்த பெயர் ‘ஒரிஜினல்’. கேலிக்கு வைத்ததுதான். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் ஏற்றி இறக்கிவிடுகிறவர், தான் மட்டும் எதிலும் இறங்கி வரமாட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாமா அதற்கும் மேலே போய், காணாமல் போன நாலாவது காலின் பார்ட் நம்பரைக் கேட்கிற ரகம்.

அவருக்குக் கார் கிடைத்தது ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தின் அடித்தளத்தில். லிஃப்ட் குழியைச் சுத்தம் செய்யப் போனவர், மூலையில் தார்ப்பாய்க்குள் ஏதோ படுத்திருப்பதைப் பார்த்து ஒரு முனையைத் தூக்கியிருக்கிறார். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். நீண்ட மூக்கு, குட்டையான பின்புறம், இரண்டே இருக்கை. நாலு டயரும் தரையோடு ஒட்டிப்போயிருந்தன. சொந்தக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய மகளுக்கு இடம் காலியானால் போதும் என்றிருந்தது. காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். அன்று சாயங்காலமே அக்காவின் வாஷிங் மெஷின் கார் ஷெட்டிலிருந்து சமையலறைக்குக் குடிபோனது.

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். தினமும் பதினெட்டுப் பிள்ளைகள். வண்டியைப் பற்றி அவளுக்கும் இரண்டு வார்த்தை தெரியும் என்பதால் இந்தப் பழைய இரும்பைப் பார்த்து மூக்கைச் சுளிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “ரெண்டே சீட்டா? நல்லதாப் போச்சு, உன்னைக் கூட்டிட்டுப் போக வேண்டியதில்ல” என்று என்னிடம் சொன்னாள். வாஷிங் மெஷின் கோபத்தையும் சேர்த்து என் மேல் காட்டிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டியைப் பழையபடி ஆக்க ஒன்பது வருஷம் ஆயிற்று. நான் தபால் நிலையத்தில் பார்சல் பிரிவில் இருக்கிறேன். ஜப்பானிலிருந்து மாமாவுக்கு வந்த பெட்டிகள் எல்லாம் என் கையைத் தாண்டித்தான் போயின. கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, கடிகாரம், பெயரெழுத்து, கதவு ரப்பர், எல்லாம் காரைச் செய்த கம்பெனியே செய்தது; ஒன்றுகூட வேறு கை பட்டதில்லை. போல்ட்டின் தலையில் கம்பெனி முத்திரை இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். அந்த போல்ட் போய் உட்காரும் இடத்தை இனி எலிதான் பார்க்க முடியும். சிகரெட் பற்றவைக்கும் லைட்டருக்காக மட்டும் இரண்டு வருஷம் கடிதம் எழுதினார். மனுஷன் பீடிப் புகை பட்டாலே இருமுவார்.

உதிரிபாகக் கடைக்காரர் ஒருமுறை பொறுக்க முடியாமல், “பொன் வைக்கிற இடத்துல பூ வைங்க சார், ஓடும்” என்றார். மாமா, “பூ வாடிடும்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அந்தப் பதிலைப் பத்துப் பேரிடமாவது பெருமையாகச் சொன்னார்.

கடைசியாக வந்தது பிரேக் ரப்பர். மாஸ்டர் சிலிண்டருக்குள்ளும் சக்கர சிலிண்டர்களுக்குள்ளும் இருக்கிற சின்னச் சின்னக் கிண்ணங்கள். பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளி வண்டியை நிறுத்துவது அவைதான். பழுப்புக் காகிதப் பாக்கெட், நீல எழுத்து, உடைக்காத சீல். உள்ளே இருந்த சீட்டில் நாற்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய தேதி. மாமா அதை இரண்டு கையாலும் வாங்கினார். பிறந்த குழந்தையை நர்ஸ் நீட்டினால்கூட இவ்வளவு பதமாக வாங்கியிருக்க மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி வெளியே வந்தது. அடர்ந்த பச்சை. தெருவே வாசலில் நின்றது. அக்கா தலை சீவி, நல்ல உடுப்பு உடுத்தி, அவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறினாள். ஒன்பது வருஷமாக அந்த இருக்கை யாருக்கென்று மாமா வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

மேம்பாலத்தில் ஏறி இறங்கும்போது சிக்னல் சிவப்பு. மாமா மிதித்திருக்கிறார். பெடல் பாதி வரை போய் நின்று, பிறகு மெல்ல மெல்லத் தரையைத் தொட்டுவிட்டது. மறுபடி மிதித்தார். மறுபடியும் தரை. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, எப்படியோ நிறுத்தினார். முன்னால் இரும்புக் குழாய் ஏற்றிய லாரி. குழாய்கள் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தன, முனையில் சிவப்புத் துணி கட்டி. அக்கா பக்கத்துக் கண்ணாடிக்கும் அந்தத் துணிக்கும் நடுவே ஒரு முழம்தான் மிச்சம்.

அக்கா கதவைத் திறந்து இறங்கினாள், பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். நான்கு நாள் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்டது. சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எங்கள் வீட்டில் அவள் போட்டு முடித்த சண்டைகள்தான் நல்லபடியாக முடிந்திருக்கின்றன.

ஐந்தாம் நாள் நான் போயிருந்தபோது மாமா மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தார். அக்கா கேட்கட்டும் என்றே என்னிடம் பேசினார். சீல் உடைக்காத பாக்கெட், அசல் சரக்கு, இப்படி ஆகும் என்று யார் கண்டது என்றார். அக்கா ஈரக் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

“உங்க லிஃப்ட்ல நாப்பது வருஷத்து ரப்பரைப் போடுவீங்களா?”

மாமா சிலிண்டரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். எனக்கே தெரியும், போடமாட்டார். லிஃப்ட்டில் எந்த ரப்பரும் எத்தனை பளபளப்பாக இருந்தாலும், தேதி முடிந்தால் தூக்கிப்போடுகிறவர். அந்தக் கண்டிப்புக்காக மேலதிகாரியோடு மல்லுக்கு நின்றவர். ஊருக்குத்தான் உபதேசம். ஒரே ஒரு கேள்வியில் அவரை அக்கா நிற்க வைத்துவிட்டாள்.

அலமாரியில் அதே மாதிரிப் பாக்கெட்டுகள் பதினான்கு இருந்தன. மாமா ஒவ்வொன்றாகச் சீல் உடைத்தார். ரப்பரை இரண்டு விரலுக்கு நடுவில் மடக்கினார். மேலே மினுமினுப்பு, மடக்கியதும் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. கத்தரிக்கோல் எடுத்துப் பதினான்கையும் இரண்டாக வெட்டினார். லிஃப்ட் தொழிலில் அப்படித்தான். கழித்த பொருளை வெட்டித்தான் போடவேண்டும், இல்லாவிட்டால் எவனாவது எடுத்து மாட்டிவிடுவான். மாமா ஒரு பொருளைக் குப்பையில் போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் கடைக்காரர் முன்னால் போய் நின்றார். அளவுகோலை வைத்துச் சிலிண்டரின் உள்வாயைக் காட்டினார். இப்போது ஓடுகிற ஒரு சின்ன லாரிக்கு வருகிற கிண்ணமும் அச்சுப்பிசகாமல் அதே அளவு. “பூதானே சார்?” என்றார் கடைக்காரர், சும்மா இருக்க மாட்டாமல். மாமா முகத்தில் ஈயாடவில்லை. எந்த மாதம் செய்த சரக்கு என்று மட்டும் கேட்டு வாங்கி வந்தார். வண்டியில் மற்றதெல்லாம் கம்பெனி சரக்காகவே இருக்கட்டும், ரப்பருக்கு மட்டும் வயசு பார்ப்பேன் என்று என்னிடம் சொன்னார். மாற்றிய தேதியை எழுதி பானெட்டுக்கு அடியில் ஒட்டினார், லிஃப்ட் அறையில் ஒட்டுவதுபோலவே.

பிரேக் சரியாகிவிட்டது. அக்கா சரியாகவில்லை. வா என்று கூப்பிட்டார். எனக்கு வேன் இருக்கு, நீங்க போங்க என்றுவிட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மாமாவுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அப்போது ஒன்றுதான்: அவள் மறுபடி அந்த இருக்கையில் உட்காரவேண்டும். கெஞ்சத் தெரியாத மனுஷன். தெரிந்தது சோதனை போடுவது மட்டும்தான்.

“மாப்ள, உங்க அக்கா எவ்வளவு எடை இருப்பா?”

பார்சலைக் கையில் தூக்கியே எடை சொல்கிறவன் நான். ஆனால் அக்காவை எடை போடுகிற தைரியம் எனக்கு இல்லை. ஏதோ காப்பீட்டுப் படிவம் என்று புளுகி அவளையே கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அறுபத்திரண்டு என்றாள். லிஃப்ட்டில் பத்துப் பேர் ஏறலாம் என்றால் பன்னிரண்டரைப் பேர் பாரத்தை ஏற்றிச் சோதிப்பார்களாம். அந்தக் கணக்கில் அக்கா எழுபத்தேழரை கிலோ. என் தபால் நிலையத் தராசிலேயே மணல் மூட்டைகளை நிறுத்துக் கொடுத்தேன். இதற்கு மேல் என்னை எதுவும் கேட்காதீர்கள் என்று கும்பிட்டேன்.

பழைய கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சரிவுச் சாலை, ஆள் நடமாட்டம் இல்லாதது. அடியில் வெள்ளைக் கோடு போட்டார். பக்கத்து இருக்கையில் மூட்டைகளை அடுக்கி, சீட் பெல்ட் மாட்டி, மேலிருந்து இறங்கி விளக்குக் கம்பத்துக்கு நேராக மிதித்து, கோட்டில் நிற்கவேண்டும். நின்ற பிறகும் ஒரு நிமிஷம் மிதித்தபடியே இருந்து பெடல் இறங்குகிறதா என்று பார்ப்பார். தினமும் வேலைக்குப் போகும் முன் பத்து முறை. நூறு முறை பிசகாமல் நிற்கவேண்டும், நடுவில் சின்னக் குறை வந்தாலும் ஒன்றிலிருந்து ஆரம்பம். இது அவரே அவருக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.

எழுபத்தொன்றாவது முறை பின்சக்கரம் ஒன்றில் எண்ணெய் கசிவு. ஒரு சொட்டுதான். துடைத்துவிட்டுத் தொடரலாமே மாமா, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். என் மேல் அவருக்கு வந்த கோபத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. சிலிண்டரைக் கழற்றி, சரி செய்து, மறுநாள் காலையில், “ஒண்ணு” என்றார். எட்டு நாளாகக் கோட்டருகே நின்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு அழுகை வராத குறை.

என் வயிற்றில் ஒன்றும் தங்காது. மறுபடியும் தொண்ணூறு வந்த அன்று அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், அந்த அறுபத்திரண்டு கிலோ உட்பட. அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எங்கே என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை தொண்ணூற்று நாலாவது முறை முடிந்து வண்டி மேலே திரும்பியிருந்தது. நானும் மூச்சு வாங்க ஏறி வந்து நின்றேன். அக்கா நடந்து வந்தாள். பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மூட்டைகளைக் குனிந்து பார்த்தாள்.

“இது யாரு?”

“நீதான்” என்றேன்.

“நான் இவ்வளவு இல்ல.”

“கால்வாசி கூட வெச்சிருக்கேன்” என்றார் மாமா, குற்றவாளி மாதிரி.

அக்கா மூட்டைகளை இறக்கச் சொன்னாள். மாமாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! ஆனால் அவள் அந்தப் பக்கம் ஏறவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். அவரை அந்தப் பக்கம் உட்காரச் சொன்னாள். அந்த இருக்கையைத் தன் கையால் பொருத்திய மனுஷன், ஓடுகிற வண்டியில் ஒருநாளும் அதில் உட்கார்ந்ததில்லை.

நான் கீழே ஓடினேன். அக்கா இறங்கிய வேகம் மாமா ஒருநாளும் இறங்காத வேகம். விளக்குக் கம்பம் வந்தது. அவள் மிதிக்கவில்லை. கம்பத்தைத் தாண்டினாள். மாமாவின் வாய் திறந்திருப்பது எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் மிதித்தாள். வண்டி மூக்கைத் தாழ்த்தி, கோட்டின் மேலேயே நின்றது.

நான் ஜன்னலருகே போனேன். மாமாவின் வலது கால் விறைத்து நீண்டிருந்தது. காலடி விரிப்பு சுருண்டு முன்னால் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

“என்ன மிதிக்கிறீங்க?” என்றாள் அக்கா.

மாமா குனிந்து தன் காலைப் பார்த்தார். “பிரேக்கு.”

“இருக்கா?”

“இல்ல.”

“அன்னைக்கு நானும் மிதிச்சேன்” என்றாள். “அந்தக் குழாய் முகத்துக்கு நேரா வர்ற வரைக்கும் மிதிச்சேன். வேன்ல என் காலுக்குக் கீழ பிரேக் இருக்கும். இங்க உங்களை நம்பித்தான் உக்காந்தேன். நீங்க பாக்கெட்டை நம்பி உக்காந்திருந்தீங்க.”

மாமா சுருண்ட விரிப்பைக் காலால் இழுத்து நேராக்கினார். பிறகு, “தப்பு என்னோடதுதான்” என்றார். முப்பது வருஷத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து நான் கேட்டதில்லை. அக்காவும் கேட்டிருக்க மாட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். சுற்றி வந்து அவரை இறக்கிவிட்டாள். சாவியைக் கையில் கொடுத்தாள்.

“இன்னும் எத்தனை பாக்கி?”

“ஆறு.”

“சரி, போடுங்க” என்று ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

நான் கோட்டருகே நின்று எண்ணினேன். நூறாவது முறை நின்ற வண்டி பிறகு மேலே திரும்பவில்லை. அக்காவுக்கு வேன் எடுக்க நேரமாகியிருந்தது. மாமா அப்படியே அவளைக் கொண்டுபோய் விட்டார்.