கிருமிக்கு வக்காலத்து வாங்கியவர்

முகத்துவாரக்குப்பத்தில் மீன்கள் செத்து மிதந்த ஆண்டு, உலோக முலாம் பூசும் ஆலையொன்றின் வேதியியல் நிபுணர் சமாதானம் சொல்ல வந்தார். குப்பத்தாருக்காகப் பேசக் காலடிப்பேட்டையிலிருந்து நானும் போயிருந்தேன். நிபுணருக்கு மடிப்புக் கலையாத சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. வாக்கியத்துக்கு ஒருமுறை கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொள்ளும் வழக்கம்.

“எங்கள் கழிவுநீரிலேயே கிருமிகள் உயிர்வாழ்கின்றன. உள்ளே புகும் உலோகம் மிகுந்தால் அதை இறைத்து வெளியே தள்ளிவிடுகின்றன. மீனும் அப்படியே பழகிக்கொள்ளும்,” என்றார், புராணப் பிரசங்கம் செய்பவரைப் போல.

மீன் விற்கும் பெண்ணொருத்தி, அன்று கழிமுகத்தில் உயிரோடு பிடித்த மடவை மீனைக் குழம்பு வைத்து, கிண்ணத்தோடு அவர்முன் நீட்டினாள்.

“பழகிக்கும்னு சொன்னியே நைனா, துன்னு பாரு. நீ துன்னா, நானும் நம்பிக் கூடைய எடுத்துக்கினு விக்கப் போறேன்.”

“இன்று எனக்கு விரதம், அம்மா.”

“இன்னா விரதம்? காத்தால டீக்கடையில ஆம்லெட்டு துன்னுகினு இருந்தியே.”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “சரி, அந்தக் கிருமி துப்புற வெசம் எங்க போவுது?”

“தண்ணீருக்குத்தான்,” என்றார் கூசாமல்.

அவள் கிண்ணத்தையும் கூடையையும் மணலில் கவிழ்த்தாள். அன்றைய பிழைப்பு அதோடு போயிற்று.

உலகம் பிழைக்க நஞ்சைத் தன் கண்டத்திலேயே நிறுத்திய பெருமானின் நீற்றைப் பூசிக்கொண்டு, பிறர் வாயில் நஞ்சை வார்க்க வந்தவர் அவர். கிருமியை நான் நிந்திக்க மாட்டேன். உயிர் தரிக்க அதற்கு வேறு வழியில்லை. அவருக்கு என்ன வழியில்லாமற் போயிற்று என்பதுதான் எனக்கு இன்றளவும் விளங்கவில்லை.